டைல்ஸ் வெட்ட தண்ணீர்த் தொட்டி வைத்த டேபிள் கட்டர் வாங்கலாமா, மார்பிள் கட்டரே போதுமா?

5க்கு 7 அடி பாத்ரூமுக்கு நீங்களே டைல்ஸ் ஒட்டப் போகிறீர்கள். சுவருக்கு 12×18 அங்குல செராமிக், தரைக்கு 12×12 அங்குல ஆன்டி-ஸ்கிட் (வழுக்காத டைல்), வெளியே வாஷ்பேசின் பக்கம் வீட்டில் மிச்சம் கிடக்கும் 2×2 அடி விட்ரிஃபைடு (இறுகச் சுட்ட கெட்டி டைல்). இதற்குத் தண்ணீர்த் தொட்டியோடு வரும் 7 அங்குல டேபிள் கட்டர் வாங்குவதா, கொத்தனார்கள் கையில் இருக்கும் 4 அங்குல மார்பிள் கட்டரே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன முறை ஆங்கிள் கிரைண்டரில் வெட்டியபோது ஓரமெல்லாம் பொக்கை விழுந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்தப் பொக்கைதான் என்று நினைக்கிறேன். அதனால் மெஷினை விட்டுவிட்டு வெட்டுகளிலிருந்து தொடங்குகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எத்தனை வெட்டு, என்ன வகை வெட்டு என்று எண்ணிப் பாருங்கள். 18 அங்குலம் படுக்கை வாட்டமாக, 7 அடி உயரத்துக்கு ஒட்டினால் 7 வரிசை. 7 அடிச் சுவரில் வரிசைக்கு 4 முழு டைல், மிச்சம் 12 அங்குலம். 5 அடிச் சுவரில் 3 முழு டைல், மிச்சம் 6 அங்குலம். 12ம் 6ம் சேர்ந்தால் 18. அதாவது ஒரு டைலை ஒரே வெட்டாக வெட்டினால் பெரிய துண்டு நீளச் சுவருக்கும் சின்னத் துண்டு அகலச் சுவருக்கும் போய்விடுகிறது. நான்கு சுவரும் சேர்ந்து 28 இடங்களில் துண்டு வேண்டும் என்றாலும், போட வேண்டிய நேர் வெட்டு 14தான். டைல்களுக்கு நடுவே விடும் ஸ்பேசர் இடைவெளி, பூச்சின் தடிப்பு, சுவரின் கோணல் எல்லாம் சேரும்போது இந்தக் கணக்கு சில மில்லிமீட்டர் நகரும். இரண்டு பக்கமும் சமத்துண்டு வர வேண்டும் என்று நடுவிலிருந்து ஒட்டினால் வெட்டு இரட்டிப்பாகும். எப்படியும் நேர் வெட்டுதான் பெரும்பங்கு. அதற்குமேல் குழாய்த் துளை 6 அல்லது 8, ஹீட்டர் பாயின்ட் பெட்டிக்கு ஒரு வெட்டு, கதவு நிலை, வென்டிலேட்டர் மூலைகளில் எல் வடிவ வெட்டு நாலைந்து, தரையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பைச் சுற்றி நாலு டைல். மொத்த வேலையே இவ்வளவுதான்.

அடுத்து, எந்த ஓரம் கண்ணில் படும் என்று பாருங்கள். சுவர் மூலைக்குள் போகும் வெட்டு ஓரத்தை அடுத்த சுவரின் டைல் வந்து மறைத்துவிடும். தரை டைலின் ஓரம் சுவர் டைலின் அடியில் போய்விடும். குழாய்த் துளையின் விளிம்பு, குழாயைச் சுற்றிச் சுவரில் பதியும் ஃபிளாஞ்ச் தகட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். பளிச்சென்று தெரிவது கதவு, ஜன்னல் ஓரங்களும், வெளிமூலையும், டிராப்பைச் சுற்றிய விளிம்பும் மட்டும்தான். கவனத்தை அங்கே வையுங்கள். மூலைக்குள் போகும் துண்டில் அரை மில்லிமீட்டர் பிசிறு இருந்தால் அதற்காக டைலைத் தூக்கிப் போட வேண்டாம்.

செராமிக் சுவர் டைலின் நேர் வெட்டுக்கு மின்சார மெஷினே தேவையில்லை. இரண்டு கம்பிகளின் மேல் சக்கரம் ஓடும் கைக்கட்டர் போதும். தூசி, தண்ணீர், சத்தம் எதுவும் இல்லை. ஒரு வெட்டுக்கு அரை நிமிடம். சக்கரத்தை ஒரே ஓட்டமாக, ஒரே அழுத்தத்தில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுக்க வேண்டும். கீறல் சரியாக விழவில்லையோ என்று இரண்டாம் முறை இழுத்தால் கீறல் இரண்டாகப் பிரிந்து, உடைக்கும்போது ஓரம் பல்பல்லாக வரும். 2×2 விட்ரிஃபைடும் இதில் உடையும், ஆனால் கட்டரின் கம்பி தடிமனாக, அழுத்தினால் வளையாததாக இருக்க வேண்டும். சொரசொரப்பான ஆன்டி-ஸ்கிட் டைலில் சக்கரம் குதித்துக் குதித்து ஓடுவதால் கீறல் விட்டுவிட்டு விழும். ஒரு அங்குலத்துக்குக் குறைவான பட்டையும் இதில் சுத்தமாக உடையாது. இந்த இரண்டுக்கும் பிளேடு வேண்டும். எல் வெட்டு, யு வெட்டு, 45 டிகிரி சரிவு ஆகியவற்றுக்கும் பிளேடுதான்.

பிளேடு என்று வந்துவிட்டால் டேபிள் கட்டருக்கும் மார்பிள் கட்டருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் வேகமும் பிடிப்பும். சின்ன டேபிள் கட்டரில் பொதுவாக 180 மி.மீ பிளேடு, 600 வாட் அளவுள்ள மோட்டார் இருக்கும். மோட்டார் நேராக பிளேடைச் சுழற்றுவதால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,900 சுற்று ஓடும். கணக்குப் போட்டால் பிளேடின் விளிம்பு வினாடிக்கு 27, 28 மீட்டர் வேகத்தில் போகிறது. 110 மி.மீ மார்பிள் கட்டர் 13,000 சுற்று ஓடினால் விளிம்பு வேகம் வினாடிக்கு 75 மீட்டர். இரண்டரை மடங்குக்கும் மேல். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கை ஒரு மயிரிழை ஆடினாலும் அந்த வேகத்தில் பிளேடின் பக்கவாட்டு, கிளேஸை (டைலின் மேல்முகப் பளபளப்புப் பூச்சு) தட்டிப் பெயர்த்துவிடும். டேபிள் கட்டரில் பிளேடு நகராது. டைலின் ஓரத்தை நேராகப் பிடிக்கும் சட்டமான கைடை ஒட்டி டைலை நீங்கள் தள்ளுகிறீர்கள். பிளேடின் அடிப்பாகம் தொட்டித் தண்ணீரில் நனைந்துகொண்டே இருக்கும். பழக்கமில்லாத கைக்கு இதில்தான் சுத்தமான ஓரம் வரும். பல வருடம் கட்டர் பிடித்தவர் மார்பிள் கட்டரிலேயே நூல் பிடித்ததுபோல் வெட்டுவார் என்பதும் உண்மைதான். அது அவருடைய கை.

உங்கள் பட்டியலுக்கு என் பரிந்துரை: 24 அங்குலக் கைக்கட்டர் ஒன்று, கூடவே டேபிள் கட்டரை இரண்டு மூன்று நாள் வாடகைக்கு எடுப்பது. கருவி வாடகைக்கு விடும் கடை பக்கத்தில் இல்லாவிட்டாலோ, அடுத்து சமையலறையும் செய்யும் எண்ணம் இருந்தாலோ வாங்கிக்கொள்ளலாம். 2×4 அளவு டைல் போடும் உத்தேசம் இருந்தால் இந்தச் சின்ன டேபிள் கட்டரை மறந்துவிடுங்கள். 9 மி.மீ தடிப்புள்ள 2×2 டைலே 7, 8 கிலோ வரும். 2×4 அதில் இரண்டு மடங்கு. அந்த நீளத்தை இவ்வளவு சின்ன மேசையில் நேராகத் தள்ளவே முடியாது. அதற்கு டைல் அசையாமல் கிடக்க, மோட்டார் தண்டவாளத்தில் ஓடும் பெரிய மெஷினோ 4 அடிக் கைக்கட்டரோ வேண்டும்.

வாங்குவதானால் வாட் எண்ணைப் பார்ப்பதற்கு முன் மேசையைப் பாருங்கள். ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்து மேசையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்துங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் தகடு வளைந்திருக்கிறது. கைடு முன்னால் மட்டும் இறுகுகிறதா, இரண்டு முனையிலும் இறுகுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். ஒரே முனையில் இறுகும் கைடு, டைலின் எடை சாய்ந்ததும் பின்பக்கம் நழுவிவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றி, மேசைப் பிளவிலிருந்து அதன் தூரம் கூடிக் குறைகிறதா என்று கவனியுங்கள். தொட்டியைத் தனியாகக் கழற்ற முடிகிறதா அல்லது அடியில் வடிகால் மூடி இருக்கிறதா என்பது சின்ன விஷயமாகத் தெரியும். சேறு நிரம்பிய மெஷினைத் தூக்கிக் கவிழ்க்கும்போது அருமை புரியும். மேசை 45 டிகிரி சாய்வது நல்லது. பிளேடின் நடுத்துளை அளவைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். மார்பிள் கட்டர் பிளேடில் 20 மி.மீ துளை, 7 அங்குலத்தில் 25.4ம் உண்டு, 22.2ம் உண்டு. 4 அங்குல பிளேடு தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். 7 அங்குலத்தில் டைலுக்கான வழவழ விளிம்பு பிளேடு எல்லாக் கடையிலும் இருக்காது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் மெஷினாக இருந்தால் பெயர்ப்பலகையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் 120 வோல்ட் மெஷினை இங்கே நேராகச் செருகினால் அதோடு அதன் கதை முடிந்தது.

இனி பிளேடு. பொக்கைக்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான். வைர பிளேடு மூன்று வகையில் வரும். விளிம்பு பிளவுபட்டு, பல் பல்லாக இடைவெளி விட்டிருப்பது செக்மென்ட் பிளேடு. கான்கிரீட், செங்கல், கிரானைட் கல்லுக்கு. அதை டைலில் வைத்தால் ஒவ்வொரு பல்லும் கிளேஸை ஒரு அடி அடித்துவிட்டுப் போகும். கிரைண்டரில் நீங்கள் போட்டது இந்த வகையாக இருந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம். விளிம்பு அறுபடாமல் ஒரே வளையமாக ஓடுவது வழவழ விளிம்பு. கிளேஸ் டைலுக்கு இதுவே முதல் தேர்வு. மெதுவாக வெட்டும், தண்ணீர் கேட்கும், ஓரம் சுத்தமாக வரும். இரண்டுக்கும் நடுவே நெளிநெளியான விளிம்புள்ள டர்போ. அதிலும் 1.2 மி.மீ அளவில் மெல்லியதாக, வலைபோன்ற நெளிவோடு வருவது விட்ரிஃபைடுக்கு நன்றாக வேலை செய்யும். பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுழற்சி எண் உங்கள் மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அம்புக்குறி மெஷினின் அம்புக்குறியோடு ஒத்துப்போக வேண்டும்.

வைர பிளேடுக்குக் கத்தி போன்ற கூர்மை எதுவும் கிடையாது. உலோகப் பசைக்குள் வைரத் துகள்கள் பதிந்திருக்கின்றன. டைலின் துகள்கள் அந்த உலோகத்தைத் தேய்க்கத் தேய்க்கப் புது வைரம் வெளியே வரும். இந்த இடத்தில்தான் விட்ரிஃபைடு வம்பு செய்யும். அது இறுகச் சுட்ட டைல். தண்ணீர் உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்குள். செராமிக் சுவர் டைல் பத்து சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும், உடம்பு மென்மை. விட்ரிஃபைடின் துகள் மிக நைசாக இருப்பதால் பசை உலோகம் தேயாது. வைரம் மழுங்கி, விளிம்பு கண்ணாடிபோல் பளபளக்கும். அந்த நிலையில் டைலைத் தள்ளினால் நகராது, பொறி பறக்கும், ஓரம் கருகும். பிளேடு தீர்ந்துவிட்டது என்று பலரும் தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான். ஒரு செங்கல்லையோ ஹாலோ பிளாக் துண்டையோ எடுத்து, தண்ணீரோடு, அதில் ஐந்தாறு முறை ஆழமில்லாமல் வெட்டுங்கள். சொரசொரப்பான அந்தக் கல் பசையைத் தேய்த்து உள்ளிருக்கும் வைரத்தை வெளியே கொண்டுவரும். விரலை வைத்துப் பார்த்தால் (பிளக்கைக் கழற்றிய பிறகு) விளிம்பு மணல் காகிதம்போல் உரச வேண்டும். பத்துப் பதினைந்து விட்ரிஃபைடு வெட்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் நல்லது. ஒரு பிளேடு எத்தனை அடி வெட்டும் என்று யாராவது எண் சொன்னால் நம்ப வேண்டாம். டைல், தண்ணீர், தள்ளும் கை மூன்றையும் பொறுத்து அது மாறும்.

தண்ணீர் பிளேடைக் குளிர்விக்கத்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். காற்றில் சுமார் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வைரம் எரிந்து கெடத் தொடங்கும் என்பதால் குளிர்ச்சி அவசியமே. ஆனால் உங்கள் உடம்புக்கு முக்கியம் தூசி அடங்குவது. டைலில் படிக சிலிக்கா இருக்கிறது. உலர வெட்டும்போது எழும் நைசான புகைமண்டலம் நுரையீரலில் தங்கி, சிலிகோசிஸ் என்ற ஆறாத நோயைக் கொண்டுவரும். சமையலறை மேடைக்குப் போடும் செயற்கை குவார்ட்ஸ் பலகைகளில் சில 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா கொண்டவை. அவற்றை வெட்டியவர்களுக்கு வந்த நோயைப் பார்த்து ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளையே தடை செய்தது. ஒரு பாத்ரூம் வேலை அந்த அளவு ஆபத்து இல்லை என்றாலும் மூடிய அறைக்குள் உலர வெட்டாதீர்கள். மூக்கில் துண்டு கட்டுவதால் பயன் இல்லை, அந்தத் துகள் துணியில் நிற்காது. என்95 முகக்கவசம் வேண்டும். தண்ணீரோடு வெட்டும்போதும் சாரல் தெறித்துக் காய்ந்தால் தூசிதான், அதனால் அப்போதும் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேசையில் இருக்கின்றன என்பதால் இதில் மட்டும் சமரசம் வேண்டாம். வீட்டு மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்று பாருங்கள்; பழைய ஆட்கள் இதை ஈ.எல்.சி.பி என்பார்கள். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் மெஷினைத் தொடாதீர்கள், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எம்.சி.பி ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. அது ஒயர் சூடாவதைத் தடுக்க இருப்பது. 600 வாட் மெஷின் 3 ஆம்பியருக்குள்தான் இழுக்கும். 1,200 வாட் மார்பிள் கட்டர் 5 ஆம்பியரைத் தாண்டும், அதை 16 ஆம்பியர் பாயின்டில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்க வேண்டாம், ஸ்டூலில் ஏற்றி வையுங்கள். ஒயர் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி மறுபடி மேலேறட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குப் போகாது. காலில் ரப்பர் செருப்பு. லுங்கி, தோள்துண்டு, தொளதொளத்த துணிக் கையுறை மூன்றும் வேண்டாம். சுழலும் பிளேடு நூலைப் பிடித்தால் கையோடு இழுக்கும். கண்ணாடி கட்டாயம்.

மெஷினை மாடியிலோ முற்றத்திலோ, ஆடாத மேடையில் வையுங்கள். பிளேடின் அடி 1 முதல் 2 செ.மீ தண்ணீரில் மூழ்கும்படி நிரப்புங்கள். கைடு பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்பதை கைடில் ஒட்டியிருக்கும் அளவுகோலை நம்பி முடிவு செய்ய வேண்டாம். பிளேடின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் கைடுக்குள்ள தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து, இரண்டும் ஒன்றாக வந்ததும் இறுக்குங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூட டைல் பிளேடில் இறுகும், ஓரம் பொரியும். பிளேடின் தடிப்பு 1.5 மி.மீ என்றால் அந்த அளவு டைல் தூளாகிப் போகும். அதனால் கோட்டின் கழிவுப் பக்கம் பிளேடு ஓடட்டும். மேசைக்கு வெளியே தொங்கும் 2×2 டைலுக்கு அதே உயரத்தில் ஒரு பலகை முட்டுக் கொடுங்கள்.

இந்த வகை மெஷினில் பிளேடு அடியிலிருந்து எழும்பி, உங்கள் பக்கத்து விளிம்பில் கீழ்நோக்கி இறங்குகிறது. அதனால் கிளேஸ் முகம் மேலே இருக்க வேண்டும். பிளேடு கிளேஸுக்குள் நுழைந்து அடிப்பக்கமாக வெளியேறும், பிசிறு அடியில் போய்விடும். பென்சில் கோடு தண்ணீரில் அழிந்துவிடும் என்பதால் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு போடுங்கள். மோட்டாரை ஓடவிட்டு, பிளேடு முழுக்க நனைந்ததும் டைலைத் தொடுங்கள். முதல் ஒரு சென்டிமீட்டரில் கை மிக மெதுவாக. பிறகு மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தள்ளுங்கள்: சுருதி இறங்கினால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். 2×2 விட்ரிஃபைடு ஒரு முழு வெட்டுக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம் கொடுங்கள். இரண்டு கையும் பிளேடுக்கு இரண்டு பக்கமும் இருக்கட்டும், நேர் பின்னால் கட்டைவிரல் வேண்டாம்; கடைசிப் பகுதியை ஒரு மரக்கட்டையால் தள்ளலாம்.

அந்தக் கடைசி ஒன்றரை சென்டிமீட்டரில்தான் மூலை 'டப்'பென்று உடைந்து போகும். வெட்டிய பக்கம் தன் எடையிலேயே விலகி, மிச்சமிருக்கும் சின்ன இணைப்பை முறித்துவிடுகிறது. வழி எளிது. தொடங்கும் முன்பே டைலைத் திருப்பி, வெட்டு முடியப் போகும் முனையிலிருந்து ஒரு அங்குலம் வெட்டிவிடுங்கள். பிறகு மறுபக்கத்திலிருந்து வந்து அந்த வெட்டோடு சேருங்கள். கைடை எந்தப் பக்கத்தில் வைத்தீர்களோ டைலின் அதே ஓரம் இரண்டு முறையும் கைடைத் தொட வேண்டும். இதற்கு டைலைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருந்தால், அந்த ஒரு அங்குல வெட்டில் கிளேஸ் கீழே போய்விடும். கண்ணில் படும் ஓரமாக இருந்தால் புரட்டாமல், கைடு இல்லாமல், கோட்டைப் பார்த்தே அந்த ஒரு அங்குலத்தை வெட்டுவது மேல்.

எல் வெட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. பிளேடு வட்டம் என்பதால் டைலின் மேல்முகத்தில் வெட்டு நிற்கும் இடமும் அடியில் நிற்கும் இடமும் ஒன்றல்ல. 180 மி.மீ பிளேடு மேசைக்கு மேல் 20 மி.மீ எழும்பியிருக்க, 10 மி.மீ டைலை வெட்டினால், மேல்முகத்தில் கோட்டைத் தொடும்போது அடிப்பக்க வெட்டு 15 மி.மீ தாண்டிப் போயிருக்கும். பிளேடு 35 மி.மீ வரை எழும்பினால் அந்த மீறல் 9 மி.மீ ஆகக் குறையும். ஆகவே எல் வெட்டுக்கு மெஷின் அனுமதிக்கும் அளவு பிளேடை உயர்த்திக்கொள்ளுங்கள். மேல்முகக் கோட்டோடு நின்றுவிடுங்கள். மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி தானே விடுபடும், இல்லாவிட்டால் குறடால் கடித்து எடுக்கலாம். கோட்டைத் தாண்டி ஓடிய கீறலிலிருந்துதான் பிற்பாடு விரிசல் கிளம்பும். நிச்சயமாக இருக்க வேண்டும் என்றால் உள்மூலையில் முதலில் 6 அல்லது 8 மி.மீ வைரத் துளை ஒன்று போட்டுவிட்டு, இரண்டு வெட்டையும் அந்தத் துளையில் கொண்டுவந்து முடியுங்கள். வட்டமான மூலையில் விரிசல் லேசில் தொடங்காது.

பெரிய விட்ரிஃபைடில் ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சூளையில் ஆறும்போது உள்ளே தங்கிப்போன இறுக்கம் சில டைல்களில் இருக்கும். எல்லாம் சரியாகச் செய்தாலும் எல் வெட்டின் நடுவே வேறு திசையில் ஓடி உடையும். அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. மிச்சம் இருக்கும் 2×2 எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எல் வெட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு டைல் உபரியாக இல்லாவிட்டால் அந்த வடிவத்தையே மாற்றி, இரண்டு நேர்த்துண்டாக ஒட்டும்படி திட்டமிடுங்கள்.

குழாய்த் துளைக்கு வைரத் துளைப்பான். அரை அங்குலக் குழாய்க்கு 35 மி.மீ போதும், உங்கள் ஃபிளாஞ்ச் அதை மூடுமா என்று வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரில்லில் சுத்தி இயக்கம் அணைந்திருக்க வேண்டும். துளைப்பானைச் சாய்த்துப் பிடித்து பிறை வடிவில் ஒரு தடம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். நேராக வைத்துத் தொடங்கினால் கிளேஸ் மேல் வழுக்கி ஓடும். டிராப்பைச் சுற்றிய நாலு டைலுக்கும் தரைச் சரிவைச் சேர்த்தே அளக்க வேண்டும், அந்த அளவைத் தரையைப் பார்க்காமல் எழுத்தில் சொல்லிவிட முடியாது. அட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பாருங்கள். வெளிமூலையில் 45 டிகிரி சேர்ப்பு அழகுதான், ஆனால் கிளேஸ் நுனி வரை சரித்தால் அந்த நுனி வாளி இடித்தே உடையும். ஒரு மில்லிமீட்டர் தடிப்பு விட்டுச் சரியுங்கள். முதல் வேலைக்கு மூலைப்பட்டை போடுவதே புத்திசாலித்தனம்.

மார்பிள் கட்டர்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரே இறக்கத்தில் வெட்டாதீர்கள். ஆழத்தை 2 மி.மீக்கு வைத்து, கோட்டில் ஒரு நேர்க்கட்டையைக் கிளாம்ப் செய்து, அதை ஒட்டி ஒரு ஓட்டம்; இது கிளேஸை மட்டும் பிரிக்கும். பிறகு முழு ஆழம். தண்ணீருக்கு, மெஷினோடு வந்த குழாய்ப் பொருத்தியைப் பயன்படுத்துங்கள். பாட்டில் மூடியில் துளையிட்டு இன்னொருவர் ஊற்றுவது எல்லா இடத்திலும் நடக்கிறது, அவர் கை மெஷினின் காற்றுத் துவாரப் பக்கம் போனால் தண்ணீர் நேராக மோட்டாருக்குள். மார்பிள் கட்டரைத் தலைகீழாகப் பலகையில் பொருத்தி டேபிள் கட்டராக மாற்றும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. தயவுசெய்து வேண்டாம். பிளேடு தெறிக்கும் தண்ணீரும் சேறும் கீழே இருக்கும் மோட்டாருக்குத்தான் போகும், சுவிட்சைப் பூட்டி வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும், பிளேடு மூடியும் இருக்காது.

வெட்டிய ஓரம் சவரக்கத்திபோல் இருக்கும். கார்பரண்டம் கல்லை (தேய்க்கும் கல்) நனைத்து, கிளேஸிலிருந்து அடிப்பக்கமாக, ஒரே திசையில் நாலு இழுப்பு இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் நீங்களே பொக்கை உண்டாக்குவீர்கள். டைலின் பின்பக்கம் படிந்த பால்போன்ற சேற்றைக் கழுவித் துடைத்துக் காயவிட்ட பிறகே டைல் அட்ஹெசிவில் ஒட்டுங்கள். அந்த வெள்ளைப் படலம் இருந்தால் அட்ஹெசிவ் படலத்தைப் பிடிக்கும், டைலைப் பிடிக்காது. சிமென்டில் ஒட்டுகிறவர்கள் சுவர் டைலைத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் அட்ஹெசிவுக்குப் பொருந்தாது. செராமிக் டைல் ஈரம் குடித்து ஓரத்தில் நிறம் மங்கித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் காய்ந்ததும் தெளிந்துவிடும்.

தொட்டித் தண்ணீர் மோர்போல் கெட்டியானதும் மாற்றுங்கள். அந்தச் சேறு பிளேடைக் குளிர்விக்காது. பழைய தண்ணீரைப் பாத்ரூம் டிராப்பில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். டைல் தூள் குழாய் வளைவில் படிந்து இறுகிவிடும், அப்புறம் புதிதாக ஒட்டிய தரையை உடைத்துத்தான் எடுக்க வேண்டி வரும். ஒரு வாளியில் இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரைத் தோட்டத்து மண்ணில் ஊற்றி, அடியில் படிந்ததைச் சாக்கில் அள்ளிக் கட்டிடக் கழிவோடு போடுங்கள். மெஷினைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தாலும் தொட்டியைக் கழுவி, பிளேடைக் கழற்றித் துடைத்து, அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஈரத்தோடு இரண்டு நாள் கிடந்தால் நட்டு துருப்பிடித்து, அடுத்த முறை ஸ்பேனர் போட்டாலும் அசையாது.